பேகம்பூரில் தைத்த பை

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில், வாடிப்பட்டி தாண்டியதும், ஒரு பெண் என் பையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. பையின் தோள்வார் படக்கென்று அறுந்தது.

நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏற்கெனவே இரண்டு பைகள். "குடுங்கக்கா, மடியில வச்சுக்கிறேன்" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. நான் நம்பவில்லை. எங்கள் ஊரில், முன்பின் தெரியாத ஒருத்தி பஸ்ஸில் நம் பையைத் தொட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஆத்தாடி! நான் என்னத்த எடுத்துட்டு ஓடிறப் போறேன்? நிக்கிறீங்களேன்னு பாவம் பாத்தா, களவாணியப் பாக்குற மாதிரி பாக்குறீங்க" என்றாள் அவள். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

அவள் மடியில் இருந்தவை என் பக்கத்தில் நின்ற இரண்டு பேருடைய பைகள் என்று பிறகுதான் தெரிந்தது. இறங்கும்போது அவர்கள் கையை நீட்டினார்கள். அவள் எடுத்துக் கொடுத்தாள். யாரும் நன்றிகூடச் சொல்லவில்லை. நான் அறுந்த வாரை முடிச்சுப் போட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திண்டுக்கல் வரைக்கும் நின்றே வந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

நான் சந்தேகக்காரிதான். மலேசியாவில், தைப்பிங்கில், ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபது வருஷமாகக் குமாஸ்தா வேலை. கண் பரிசோதனைச் சீட்டில் எண்ணைத் திருத்திக்கொண்டு வருகிறவர்களைப் பிடித்துப் பிடித்து வந்த புத்தி. "உன்னை இமிகிரேஷனில் உட்கார வைத்திருந்தால் நாட்டுக்குள் ஒரு ஈ நுழைந்திருக்காது" என்பார் என் வீட்டுக்காரர். ஆனால் அன்றைக்குப் பையை நான் அப்படிப் பிடித்ததற்குக் காரணம் வேறு.

எட்டு மாதத்துக்கு முன்னால் என் குடலில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்து அறுத்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். ஆனால் இனி ஆயுசுக்கும் எனக்கு மலம் போகிற வழி வயிற்றின் இடப்பக்கம்தான். அங்கே ஒரு சின்ன வாய். அதன்மேல் தோலோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு பை. வீட்டில் நாங்கள் அதை 'ஒட்டுப்பை' என்போம். அதை மாற்றுவதற்கான சாமான்களை ஒரு செட் எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார்: மாற்று ஒட்டுப்பைகள், சிறிய கத்தரி, பவுடர், ஈரத் துடைப்பான்கள், கைக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில், கழற்றியதைச் சுற்றிப் போடக் கறுப்புக் கவர்கள், ஒரு மாற்றுடை. அதுதான் நான் அணைத்துக்கொண்டு வந்தது. என் வீட்டு ஆட்களைத் தவிர அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. தெரியவிடவும் மாட்டேன்.

திண்டுக்கல்லுக்கு வந்தது மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க. வருகிற பெண்களுக்கு வைத்துக் கொடுக்கச் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை நாற்பது வேண்டும். ஒருமுறை ஆன்லைனில் ஒன்று வாங்கிப் பார்த்தோம். படத்தில் மாந்தளிர் நிறம். வீட்டுக்கு வந்தது செங்கல் நிறம். இனி நேரில் பார்க்காமல் ஒரு முழம் துணி வாங்க மாட்டேன் என்றேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. "இந்த உடம்போட தனியாகவா?" என்றார். இந்த முறை முடியாது என்று ஒத்துக்கொண்டால் இனி எந்த முறையும் முடியாது என்று எனக்குத் தெரியும். கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம், லாட்ஜில் என் பாஸ்போர்ட்டை நகல் எடுத்தார்கள். அது போதாதென்று கவுண்டரில் இருந்தவர் தன் போனிலும் படம் பிடித்தார். எதற்கு என்று கேட்டேன். "ரூல்ஸும்மா" என்றார். அறைக்கதவின் தாழ்ப்பாள் ஆடியது. நாற்காலியை எடுத்து முட்டுக் கொடுத்தேன்.

பக்கத்து மெஸ்ஸில் வெள்ளைச் சோறும் தயிரும் மட்டும் கேட்டேன். பயணத்தில் வயிற்றுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பது என் கணக்கு. பரிமாறுகிறவர் இரண்டு முறை வந்து நின்றார். "வெஞ்சனம் வேண்டாமாம்மா? ஒண்ணுமே வேண்டாமா?" என் காதில் அது வஞ்சனை என்று விழுந்தது. "எதுக்குங்க அப்படிப் பேசுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் முழித்தார். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தொட்டுக்கக் கூட்டு, பொரியல் வேணுமான்னு கேக்குறாரு" என்றார். நான் தலையைக் குனிந்து தயிரைப் பிசைந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் பை வாங்கப் போனேன்.

அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தேன். அது எத்தனை நேரம் தாங்கும் என்று தெரியாது. பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் கடைகளில் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினேன். முதல் கடையில் முதுகுப்பை காட்டினார்கள். உலகத்தில் இருக்கிற எல்லாக் கம்பெனியின் பெயரும் அந்தக் கடையில் தொங்கியது. ஒரே பெயர் மூன்று விதமான எழுத்துப் பிழைகளோடும் தொங்கியது. "வாட்டர் ப்ரூஃப்க்கா" என்று சொல்லி, விற்பவர் ஒரு மூடி தண்ணீரை மேலே ஊற்றிக் காட்டினார். ஒரு மூடி ஊற்றினால் என் கைக்குட்டையும்தான் வாட்டர் ப்ரூஃப். நான் பாட்டிலை வாங்கி மிச்சத்தையும் ஊற்றினேன். உள்ளே நனைந்தது. அவர் முகமும் மாறியது.

ஆனால் முதுகுப்பை எனக்கு ஆகாததற்குத் தண்ணீர் காரணம் இல்லை. முதுகுப்பையைத் திறக்க வேண்டுமானால் கழற்றிக் கீழே வைக்க வேண்டும். பொதுக் கழிப்பறையில் கீழே எங்கே வைப்பது? தரை ஈரம். சுவரில் ஆணி இருக்காது, இருந்தால் ஆடும். கைப்பை என்றால் எல்லாம் கிணற்றில் போட்ட மாதிரி அடியில் போய்விடும். கத்தரி வேண்டும்போது கண்ணாடிதான் கைக்கு வரும். தோளில் குறுக்கே போடும் பை குனிந்தால் முன்னால் வந்து விழுகிறது. இன்னொரு கடையில் ஒயர்கூடை காட்டினார்கள். அழகுதான், உள்ளே இருப்பதை ஊருக்கே காட்டும்.

ஒவ்வொரு பையையும் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி, மறு கையால் ஜிப்பைத் திறக்க முடிகிறதா என்று பார்த்தேன். பாதி குனிந்து பார்த்தேன். நான்காவது கடையில் விற்கும் பெண் தன் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, "இந்தம்மா எதையோ அமுக்குறதுக்கு ஒத்திகை பாக்குற மாதிரி இருக்குண்ணே" என்றாள். காதில் நன்றாகவே விழுந்தது.

வெளியே வந்தேன். ஓர் ஆட்டோக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். பெயர் பாண்டி, ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஆள் என்று பிறகு அவரே சொன்னார், நான் கேட்கவில்லை.

"கட கடயா ஏறி எறங்குறீங்களேக்கா. என்ன பை தேடுறீங்க? பேகம்பூர்ல ஒரு பாய் இருக்காரு. நீங்க சொல்ற மாதிரி தச்சுக் குடுப்பாரு. பஸ் கண்டக்டருக, கொரியர்க்காரங்க, பிரியாணிக் கடை டெலிவரி பையி, அம்புட்டும் அவருதான்."

கமிஷன் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தாலும் ஏறினேன், வேறு வழி இல்லை. வண்டி நகர்ந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பேச்சப் பாத்தா வெளியூரு மாதிரி தெரியுதே?"

"மலேசியா."

"ஓ." ஒரு வளைவில் வண்டியைத் திருப்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க. குருவியா?"

விமானத்தில் போய்ப் போய் வந்து, தங்கமும் சாமானும் ஒளித்துக் கொண்டுவருகிறவர்களுக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் ஊரிலும் தெரிந்த சொல்தான். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "வண்டியப் பார்த்து ஓட்டுங்க" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கண்ணாடியில் பார்த்தது என்னை அல்ல, என் பையை.

பேகம்பூரில் பள்ளிவாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு குறுகிய கடை. முன்னால் இரண்டு தையல் மிஷின். பின்னால் ஒரு கதவு. அதற்கு அப்பால் வீடு. பாய்க்கு நாற்பது நாற்பத்தைந்து வயது. பெயர் சிக்கந்தர். அவர் மனைவி நூர்ஜஹான் இன்னொரு மிஷினில் காஜா அடித்துக்கொண்டிருந்தார். பாண்டி எனக்கு முன்னால் உள்ளே போய் பாயின் காதில் ஏதோ சொன்னார். வெளியே வந்து, "நான் செத்த நேரம் நிக்கிறேன்க்கா, நீங்க பேசிட்டு வாங்க" என்றார். நிற்கச் சொல்லி நான் சொல்லவில்லை.

பாயிடம் எனக்கு வேண்டியதைச் சொன்னேன். கீழே வைக்காமல் திறக்க வேண்டும். வெயில் சூடு உள்ளே இறங்கக் கூடாது; சூட்டில் ஒட்டுப்பையின் பசை இளகிவிடும், அதை மட்டும் சொல்லவில்லை. உள்ளே தனியாக ஓர் அறை வேண்டும். யாராவது பையைத் திறந்து பார்த்தால்கூட அப்படி ஓர் அறை இருப்பது தெரியக் கூடாது.

அவர் சாக்கட்டியைக் கீழே வைத்தார். "உள்ள என்ன வைப்பீங்க?"

"கேமரா."

"எந்தக் கேமரா? அளவு சொல்லுங்க."

நான் கையால் ஓர் அளவு காட்டினேன். மறுபடி கேட்டபோது வேறோர் அளவு காட்டியிருக்க வேண்டும். அவர் மனைவியைப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார். எனக்கு உருது தெரியாது. ஆனால் இந்திப் படம் பார்க்காத மலேசியத் தமிழச்சி உண்டா? ஒரு சொல் புரிந்தது: சோனா. தங்கம்.

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலியேம்மா."

"இப்பத்தான் சொன்னீங்க. சோனான்னு."

அவர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு நேராகவே பேசினார். "உண்மையச் சொல்லிர்றேன். நாலு வருசத்துக்கு முந்தி ஒருத்தர் வந்தாரு. டீசன்ட்டான ஆளு. அடியில ரெண்டு தட்டு வச்சுப் பன்னெண்டு பை கேட்டாரு. மருந்துக் கம்பெனி பேப்பர் வைக்கன்னாரு. தச்சுக் குடுத்தேன். அதுல ரெண்டு பை எங்கயோ ஏர்போர்ட்டுல மாட்டிக்கிருச்சு. நான் மூணு நாளு ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருந்தேன். எங்க தெரு முச்சூடும் பாத்துச்சு. இனி உள்ள என்ன வைப்பீங்கன்னு தெரியாம ரகசிய அறை வைக்க மாட்டேன். நீங்க நல்லவங்களாவே இருக்கலாம். என்னால முடியாது."

"ஒரு பொம்பளை பைக்குள்ள என்ன வச்சிருக்கான்னு கேட்கிறது மரியாதையா?" என்று கத்தியேவிட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

பங்குனி வெயில். தைப்பிங்கில் மதியத்துக்கு மேல் மழை வராத நாள் குறைவு. இந்த ஊரில் வானத்துக்கு அப்படி ஒரு பழக்கமே இருப்பதாகத் தெரியவில்லை. பத்தடி நடந்திருப்பேன். இடுப்புக்கு மேலே வெதுவெதுப்பாக ஏதோ கசிந்தது. வியர்வை என்று நினைக்க முயன்றேன். இல்லை. வியர்வையில் ஒட்டுப்பையின் விளிம்பு தோலை விட்டுவிட்டது.

எட்டு மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். நடுத்தெரு. ஒரு பக்கம் பழக்கடை, ஒரு பக்கம் பாண்டி. லாட்ஜுக்குப் போக இருபது நிமிஷமாவது ஆகும். முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன். வாசம் எனக்கே வந்தது. பாண்டி ஆட்டோவைக் கிளப்பப் போனார். நான் கையசைத்து வேண்டாம் என்றேன். திரும்பி, அந்தக் கடைக்கே போனேன்.

பாயைப் பார்க்கவில்லை. அவர் மனைவியிடம், "உங்க வீட்டுல பாத்ரூம் இருக்கா?" என்றேன்.

நூர்ஜஹான் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து பின்கதவைத் திறந்து, "வாங்கக்கா" என்றார்.

குளியலறை ஈரமாக இருந்தது. பையை வைக்க இடமில்லை. கழுத்தில் மாட்டினேன். ஒரு கையால் ஒட்டுப்பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உள்ளே துழாவினேன். ஊக்கு விட்டுவிட்டது. பை அப்படியே கவிழ்ந்தது. கத்தரி, கண்ணாடி, பவுடர், மாற்றுடை எல்லாம் தண்ணீரில் கிடந்தன. இருந்த மாற்று ஒட்டுப்பைகளில் ஒன்று மட்டும் கவரோடு வாளியின் விளிம்பில் தொங்கியது. அதை எடுக்கக் குனிந்தால் பிடித்திருப்பதை விட வேண்டும். அழுகை வந்தது. அழுதேன்.

கதவு தட்டப்பட்டது. "அக்கா? உள்ள வரலாமா?"

தாழ்ப்பாளைத் திறந்தேன்.

அவர் பார்த்தார். முகத்தைச் சுளிக்கிறாரா என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். அந்த நிலையிலும் என் புத்தி அது. அவர் சுளிக்கவில்லை, பயந்துவிட்டார் என்பதுதான் உண்மை. "ரத்தமா? ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றார். இல்லை, இது இப்படித்தான், எனக்கு ஆபரேஷன் ஆனது என்று இரண்டு வரியில் சொன்னேன்.

"சரி. இப்ப நான் என்ன எடுத்துத் தரணும்?"

அதற்குப் பிறகு அவர் எதிரே நின்றார். கீழே விழுந்ததைக் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாக நீட்டினார். துடைப்பான். இன்னொரு துடைப்பான். பவுடர். கண்ணாடியை என் வயிற்றுக்கு நேராகச் சரித்துப் பிடித்தார். கழற்றியதைப் போடக் கறுப்புக் கவரின் வாயை விரித்துக் காட்டினார். புதிய ஒட்டுப்பையின் நடுவில் நான் சொன்ன அளவுக்குக் கத்தரியால் வெட்டிக் கொடுத்தார். எனக்கு மூன்றாவது கை ஒன்று முளைத்த மாதிரி இருந்தது. வீட்டில் மகள் உதவி செய்யும்போதுகூட நான் விளக்கை அணைத்துவிட்டு அரை இருட்டில்தான் செய்துகொள்வேன்.

முடிந்ததும் தன் சேலை ஒன்றைக் கொடுத்தார். டீ போட்டார். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"அவர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா? சொல்ல வேண்டாம்னா, சொல்லாமயே தைக்க வைக்கவும் என்னால முடியும்" என்றார்.

இவர் எப்படியும் சொல்லத்தான் போகிறார், நான் போன பிறகு எல்லாம் பேசுவார்கள் என்று தோன்றியது. பேசுவதானால் என் வாயால் கேட்டுவிட்டுப் பேசட்டும். நானே சொல்கிறேன் என்றேன்.

பாயிடம் சொன்னேன். கட்டி, அறுவை, ஒட்டுப்பை, எல்லாம். நான் பேசி முடிக்கும் வரை அவர் என்னைப் பார்க்கவில்லை. மிஷின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்கங்க" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாக்கட்டியை எடுத்தார்.

"மொதல்ல எது கைக்கு வரணும்?"

பதில் சொன்னது நான் அல்ல, நூர்ஜஹான். "ஒரு மறைவான அறையும் வேண்டாங்க. பை நான் நின்ன மாதிரி நிக்கணும். இவங்களுக்கு எதுக்க. கண்ணாடி இங்கிட்டுச் சரிஞ்சு, கவரு கீழ வாயத் தொறந்து. ஒண்ணொண்ணா வரிசையா."

பாய் எழுந்துபோய் மாடத்திலிருந்து ஒரு பழைய கண்டக்டர் பையைக் கொண்டுவந்தார். கழுத்திலிருந்து நெஞ்சுக்குக் கீழே தொங்கும் பை. இரண்டு கையும் எப்போதும் சும்மா இருக்கும். "கூட்டத்துல நின்னுக்கிட்டே தொறக்குற பை இது ஒண்ணுதான். முன் மூடிய அப்படியே கீழ விழுற தட்டா மாத்திர்றேன். பிரியாணி டெலிவரி பைக்குள்ள வைக்கிற வெள்ளித்தாள் இருக்கு, அதுல உள் லைனிங் போட்டா சூடு எறங்காது. ஊக்கு, முடிச்சு ஒண்ணும் ஆகாது. வாருக்கு நாலு வரித் தையல்." பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

லாட்ஜுக்குத் திரும்பியதும் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். வெளியிடத்தில் வீட்டு விஷயம் பேசினால் நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம். "இங்கே மூன்று பேருக்குத் தெரிந்துவிட்டது" என்றேன். "மூன்றாவது யார்?" என்றார். "ஆட்டோக்காரன். இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் விடமாட்டான்" என்றேன். வராந்தாவில் கவுண்டர்காரர் என் மலாயைக் கேட்டபடி நின்றார்.

மூன்றாம் நாள் முழுக்க அறையிலேயே கிடந்தேன். பெட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு செட். மெஸ்ஸுக்குப் போகவில்லை, இரண்டு வாழைப்பழம். பாய் துணியை வெட்டிவிட்டு ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருப்பார் என்று ஒரு நேரம் தோன்றியது. தைக்கவே மாட்டார் என்று இன்னொரு நேரம். சாயங்காலம் போனபோது பை ஆணியில் தொங்கியது. அழுக்குப் பச்சை கேன்வாஸ். கடையில் வேறு யாரும் இல்லை. நூர்ஜஹான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "மாட்டிப் பாருங்க" என்றார்.

மாட்டினேன். ஒரு விரலால் தட்டினால் மூடி கீழே விழுந்து தட்டாக நின்றது. கண்ணாடி ஒரு நாடாவில் சரிந்து தொங்கியது. கறுப்புக் கவரைப் பிடிக்க ஒரு கம்பி வளையம். கத்தரி கடைசியில், உறைக்குள். எங்காவது பிசகு இருக்கும் என்று தையலை எல்லாம் இழுத்து இழுத்துப் பார்த்தேன். பாய் சிரிக்காமல் காத்திருந்தார். கூலியைச் சொன்னார், மலிவாக இருந்தது. மலிவாக இருந்ததும் எனக்குச் சந்தேகம்தான். கொடுத்தேன். நூர்ஜஹானின் சேலையைத் துவைத்து மடித்துக் கொண்டுபோயிருந்தேன். வாங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் டவுன் பஸ்ஸில் சின்னாளபட்டி. நான் காசு நீட்டினேன். கண்டக்டர் வாங்காமல் சீட்டை மட்டும் கொடுத்தார். ஏன் வாங்கவில்லை, இதில் என்ன இருக்கிறது என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லம்மா, பேசாம உக்காருங்க" என்றார் பின்னால் இருந்தவர்.

சேலைக்காரர் வீட்டில் அடுக்கிக் காட்டினார்கள். ஒவ்வொன்றையும் பின்பக்கம் திருப்பி, புள்ளி அச்சா, முடிச்சுப் போட்டு எடுத்ததா என்று நகத்தால் தடவிப் பார்த்தேன். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க என்ன களவாணிப் பயலுகளா? வெளிச்சத்துல வச்சே பாருங்க" என்று வாசலுக்கே எடுத்துக்கொண்டு வந்து விரித்தார். முடிச்சுத் தடம் புள்ளிக்குப் புள்ளி இருந்தது. நாற்பதில் மூன்றைத்தான் மாற்றி வாங்கினேன், அதுவும் நிறத்துக்காக.

இருபத்தெட்டாவது சேலையில் இருக்கும்போது மறுபடி வயிற்றில் அந்த வெதுவெதுப்பு. கொல்லைப்புறக் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போனேன். தகரக் கதவு, ஈரத் தரை, ஆணி கிடையாது. நின்றுகொண்டே மூடியைத் தட்டினேன். துடைப்பான், துடைப்பான், பவுடர், கண்ணாடி. கை போன இடத்தில் எல்லாம் இருந்தது. முடித்து, மூடி, கை கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது டீ கொதித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம்தான் ஆகியிருந்தது. உட்கார்ந்து இருபத்தொன்பதாவது சேலையைத் திருப்பிப் பார்த்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

அன்று மதியம் திண்டுக்கல்லில் இறங்கி, சீரகச் சம்பா பிரியாணி வாங்கி, பயந்து பயந்து அரைத் தட்டு சாப்பிட்டேன். பயந்ததால் ருசி குறையவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் சேலை மூட்டைகளோடு பேருந்து நிலையம் போகப் பாண்டியின் ஆட்டோதான் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, லாட்ஜ் வாசலில் காத்திருந்தார் என்பது சரி. பை என் நெஞ்சில் தொங்கியது. கண்ணாடியில் அதையே பார்த்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. பாய்கிட்ட உங்களப் பத்திக் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"மொதல்ல வாயே தொறக்கல. ரெண்டு நாளா நச்சரிச்சேன். நேத்து ராத்திரிதான் சொன்னாரு, யார்கிட்டயும் சொல்லாதடான்னு."

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். நினைத்தேன், இதுதான் நடக்கும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

"நீங்க மலேசியாவுல பஸ் கண்டக்டராமே?"

நான் குனிந்து பையைப் பார்த்தேன்.

"அங்கிட்டு உள்ள பை தோளுக்குச் சரிப்படலன்னு நம்ம ஊரு கண்டக்டர் பை தேடி வந்திருக்கீங்களாம். அதான் கடைக்குக் கட மாட்டி மாட்டிப் பாத்தீங்களாக்கும். அன்னிக்குக் குருவியான்னு கேட்டுப்புட்டேன். மனசுல வச்சுக்காதீங்கக்கா."

தைப்பிங்கில் கண்டக்டர் என்று ஒருவரைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. டிரைவரிடமே கார்டைத் தட்டிவிட்டு ஏறுகிறோம். பாய்க்கு அது தெரிந்திருக்க நியாயம் இல்லை. அந்த மனிதர் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு நாள் யோசித்திருக்கிறார்.

"அங்க பொம்பளைங்களுக்கு டிக்கெட் உண்டாக்கா?"

"உண்டு தம்பி" என்றேன். "யாரையும் சும்மா விடுறதில்ல."

"வேல கஷ்டமோ?"

"நின்னுக்கிட்டேதான் எல்லாம் செய்யணும்" என்றேன். "பழகிடுச்சி."